நர்சிங் பள்ளியைத் தேர்ந்தெடுக்கும் முன்: பிளஸ் டூ ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

தமிழ்நாட்டு அரசு மேல்நிலைப் பள்ளிகள், அரசு உதவிபெறும் பள்ளிகளின் தலைமை ஆசிரியர்களுக்கும் பிளஸ் டூ வகுப்பாசிரியர்களுக்கும்,

வணக்கம்.

நான் அரசு மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக வேலை பார்த்து, பிறகு செவிலியர் பயிற்சிப் பள்ளியில் டியூட்டராக இருந்து ஓய்வுபெற்றவள். இந்த மடலை நர்சிங் பள்ளிகளுக்கோ அரசுக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுவதற்குக் காரணம் இருக்கிறது. வீட்டில் யாருமே கல்லூரி வாசலை மிதித்திராத ஒரு பெண், “நர்சிங் படிக்கலாம்னு இருக்கேன், எங்க சேரலாம்?” என்று முதலில் கேட்பது தன் வகுப்பாசிரியரைத்தான். நீங்கள் சொல்வதை அந்த வீடு அப்படியே நம்பும். நீங்கள் ஒன்றும் சொல்லாவிட்டால் அடுத்து யார் பேசுகிறாரோ அவரை நம்பும். அடுத்துப் பேசுகிறவர் பெரும்பாலும் ஒரு புரோக்கர்.

மே மாதம் ரிசல்ட் வருகிறது. அரசுக் கல்லூரி இடங்களுக்கும், தனியார் கல்லூரிகளில் உள்ள அரசு ஒதுக்கீட்டு இடங்களுக்கும் மருத்துவக் கல்வி மற்றும் ஆராய்ச்சி இயக்ககம் விண்ணப்பம் வாங்கி, தரவரிசைப் பட்டியல் வெளியிட்டு, கலந்தாய்வு நடத்தி முடிக்க மாதக்கணக்கில் ஆகும். அந்த இடைவெளியில்தான் எல்லாத் தவறுகளும் நடக்கின்றன. அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் கலைக் கல்லூரிக்கும் பாலிடெக்னிக்குக்கும் கிளம்பிவிடுவார்கள். நர்சிங்குக்குக் காத்திருக்கும் பிள்ளை மட்டும் வீட்டில் இருக்கும். ஊரார் கேட்பார்கள். அப்பாவுக்கு மனசு பதறும். “இன்னும் நாலு சீட்டுதான் இருக்கு, இன்னைக்கு அஞ்சாயிரம் கட்டி ஒரிஜினல் சர்டிபிகேட்டைக் கொடுத்துட்டா இடம் உறுதி” என்று போனில் ஒருவர் சொல்லும்போது அந்தப் பதற்றம் போனில் பேசுகிறவருக்குக் கைகொடுக்கிறது. ஜூன் மாதத்தில் பத்து நிமிஷத்தில் எடுத்த அந்த முடிவு ஒரு பிள்ளையின் முப்பது வருஷ வேலையைத் தீர்மானித்துவிடுகிறது.

ஆகவே உங்களிடம் நான் கேட்பது இதுதான். அந்த இடைவெளியில் பிள்ளையின் ஒரிஜினல் சான்றிதழ் யார் கைக்கும் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எந்த இடத்தில் சேர்வதாக இருந்தாலும், சேரும் முன் இரண்டு கேள்விகளுக்குப் பதில் தெரிந்திருக்க வேண்டும். படித்து முடித்தால் கவுன்சிலில் பெயர் ஏறுமா? படிக்கும்போது எந்த மருத்துவமனையின் வார்டில் நிற்பாள்? கட்டணம், ஹாஸ்டல், பஸ் வசதி எல்லாம் அப்புறம்.

முதல் கேள்வியை எடுத்துக்கொள்கிறேன். நம் மாநிலத்தில் ஒருவர் சட்டப்படி நர்ஸாக வேலை செய்ய வேண்டுமானால் தமிழ்நாடு செவிலியர் மற்றும் தாதியர் குழுமத்தின் பதிவேட்டில் அவர் பெயர் இருக்க வேண்டும். நாங்கள் ‘கவுன்சில்’ என்று சொல்வது அதைத்தான். சென்னை சாந்தோமில் அலுவலகம். 1926 ஆம் ஆண்டின் மதராஸ் செவிலியர், தாதியர் சட்டத்தின் கீழ் வந்த அமைப்பு. நாடு முழுமைக்கும் பாடத்திட்டத்தையும் குறைந்தபட்ச வசதிகளையும் வகுத்துவந்தது 1947 ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி அமைந்த இந்திய நர்சிங் கவுன்சில். அந்தப் பழைய சட்டத்துக்குப் பதிலாகத் தேசிய செவிலியர், மருத்துவச்சி ஆணையச் சட்டம் 2023 இல் நாடாளுமன்றத்தில் நிறைவேறியிருக்கிறது. சட்டம் எப்படி மாறினாலும், பதிவு இல்லாதவர் நர்ஸ் இல்லை என்பதில் மாற்றமில்லை.

பிளஸ் டூ முடித்த பிள்ளையைப் பதிவேட்டுக்குக் கொண்டுபோகும் படிப்புகள் மூன்றே மூன்று. இரண்டு வருஷ ஏ.என்.எம். (துணைச் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி), மூன்று வருஷ ஜி.என்.எம். (பொதுச் செவிலியர், மருத்துவச்சிப் பயிற்சி), நான்கு வருஷ பி.எஸ்சி. நர்சிங். ஏ.என்.எம். முடித்தவர்தான் நாம் ஊரில் பார்க்கும் கிராம சுகாதார செவிலியராக ஆக முடியும். சமவெளியில் ஐயாயிரம் பேருக்கு ஒன்று, மலைப்பகுதியில் மூவாயிரம் பேருக்கு ஒன்று என்ற கணக்கில் உள்ள துணை சுகாதார நிலையங்களில் வேலை. ஜி.என்.எம்., பி.எஸ்சி. முடித்தவர்கள் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸ். ஜி.என்.எம். படித்தவர் பின்னால் இரண்டு வருஷ போஸ்ட் பேசிக் பி.எஸ்சி. சேர்ந்து பட்டமும் வாங்கிக்கொள்ளலாம். பி.எஸ்சி. கல்லூரிகள் இங்கே தமிழ்நாடு டாக்டர் எம்.ஜி.ஆர். மருத்துவப் பல்கலைக்கழகத்தின் கீழும், சில நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களின் கீழும் நடக்கின்றன.

இந்த மூன்றிலும் சேராத ஒரு கூட்டம் இருக்கிறது. ‘ஃபர்ஸ்ட் எய்ட் அண்ட் பிராக்டிகல் நர்சிங்’, ‘டிப்ளமோ இன் நர்சிங் அசிஸ்டென்ட்’, ‘ஹெல்த் அசிஸ்டென்ட்’ என்று பல பெயர்கள். ஆறு மாதம், ஓராண்டு, சில இடங்களில் இரண்டாண்டு. பேருந்து நிலையத்துக்கு எதிரே மாடியில் இரண்டு அறை, வாசலில் வெள்ளைச் சீருடை போட்ட பெண்ணின் படம், ‘அரசு அங்கீகாரம் பெற்றது’ என்று ஒரு வரி. அந்த அங்கீகாரம் எது என்று நின்று கேட்டுப் பாருங்கள். அறக்கட்டளையைப் பதிவு செய்த சான்றிதழைக் காட்டுவார்கள். ஐ.எஸ்.ஓ. சான்றிதழைக் காட்டுவார்கள். குறுந்தொழில் பதிவைக் காட்டுவார்கள். தொண்டு நிறுவனங்கள் தாங்களே போய்ப் பதிந்துகொள்ளும் மத்திய அரசு இணையதளத்தின் பதிவு எண்ணைக் காட்டி, நிதி ஆயோக் அங்கீகாரம் என்பார்கள். இவற்றில் எதுவும் ஒரு பெண்ணின் பெயரைச் செவிலியர் பதிவேட்டில் ஏற்றாது.

அப்படிப் படித்தவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். தனியார் நர்சிங் ஹோம்களில் வெள்ளை உடுப்போடு, காலையிலிருந்து ராத்திரி வரை நிற்பார்கள். கை சுத்தமாக இருக்கும், நோயாளியிடம் அன்பாகவும் இருப்பார்கள். ஐந்தாறு வருஷம் கழித்து, மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியத்தின் நர்ஸ் அறிவிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, “மேடம், இதுக்கு நான் அப்ளை பண்ணலாமா?” என்று கேட்பார்கள். முடியாது என்று சொல்ல வேண்டியிருந்தது. கிராம சுகாதார செவிலியர் பணிக்கும் முடியாது. வெளிநாட்டுக்கும் முடியாது. வளைகுடா நாடுகளுக்குப் போகும்போது ஒவ்வொரு சான்றிதழையும் அதைக் கொடுத்த கவுன்சிலிடமும் கல்லூரியிடமும் நேரடியாகக் கேட்டுச் சரிபார்க்கிறார்கள். பிரிட்டன், ஜெர்மனி என்றால் இன்னும் கடுமை, ஜெர்மனிக்கு மொழித் தேர்வும் சேர்ந்துகொள்ளும். பதிவே இல்லாதவர் இந்த வரிசையில் நிற்கவே முடியாது. பணம் போனதைவிட, அந்த நல்ல வயசு போனதுதான் எனக்கு ஆற மாட்டாத வருத்தம்.

நோயாளியைக் கவனித்துக்கொள்ளும் உதவியாளர் வேலை மரியாதையான வேலை. அதற்கென்று திறன் பயிற்சித் திட்டத்தில் முறையான சான்றிதழும் உண்டு. உதவியாளர் ஆக விரும்பும் பிள்ளை, உதவியாளர் ஆகிறோம் என்று தெரிந்து சேரட்டும். நர்ஸ் ஆகிறோம் என்று நம்ப வைத்துச் சேர்ப்பதைத்தான் தடுக்கச் சொல்கிறேன்.

இதில் ஒரு சூழ்ச்சி உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். ஒரே வளாகத்தில், ஒரே பெயர்ப் பலகைக்குக் கீழே, அங்கீகாரம் உள்ள ஜி.என்.எம். வகுப்பும் நடக்கும், அங்கீகாரம் இல்லாத அசிஸ்டென்ட் வகுப்பும் நடக்கும். சீருடை ஒன்றுதான். பஸ் ஒன்றுதான். சேர்க்கை அலுவலகத்தில் ‘நர்சிங்’ என்று மட்டும் சொல்வார்கள். தான் எந்தப் பட்டியலில் இருக்கிறோம் என்பதே அந்தப் பெண்ணுக்குத் தேர்வுக் கட்டணம் கட்டும்போதுதான் தெரியவரும். எனவே “காலேஜுக்கு அங்கீகாரம் இருக்கா?” என்று கேட்டால் போதாது. “இந்தப் படிப்புக்கு, இந்த வருஷத்துக்கு, எத்தனை இடத்துக்கு அங்கீகாரம்?” என்று கேட்க வேண்டும். பட்டியல் வருஷா வருஷம் வெளியாகிறது. அனுமதித்த இடங்களுக்கு மேல் சேர்த்துக்கொள்ளும் நிறுவனங்களும் உண்டு. கூடுதலாகச் சேர்ந்த பிள்ளைகள் பரீட்சை நேரத்தில் அலைவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

மாநிலக் கவுன்சிலின் இணையதளத்தில் அங்கீகாரம் பெற்ற பள்ளி, கல்லூரிகளின் பட்டியல் இருக்கிறது. இந்திய நர்சிங் கவுன்சிலின் தளத்திலும் மாநில வாரியாகப் பார்க்கலாம். இரண்டையும் பாருங்கள். உங்கள் பள்ளியின் ஹைடெக் லேப் கணினியில் பதினைந்து நிமிஷ வேலை. உங்கள் மாவட்டத்துப் பக்கத்தை அச்செடுத்து அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இன்னொரு சுலபமான சோதனையும் இருக்கிறது. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு மேற்படிப்பின்போது மாதம் 1,000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022 முதல் நடக்கிறது. பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024 இல் வந்தது. அந்த நர்சிங் பள்ளியில் இப்போது படிக்கும் ஒரு மாணவியைப் பார்த்து, “உனக்கு மாசா மாசம் அந்தப் பணம் வருதாம்மா?” என்று கேளுங்கள். அரசுப் பள்ளியிலிருந்து போன ஒருத்திக்குக்கூட வரவில்லை என்றால் அந்தப் படிப்பைப் பற்றி இன்னும் விசாரிக்காமல் பிள்ளையை அனுப்பாதீர்கள். ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்கான போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை விஷயத்திலும் இதே கேள்விதான்.

இரண்டாவது கேள்விக்கு வருகிறேன். இதைப் பற்றித்தான் நான் அதிகம் பேச விரும்புகிறேன். முதல் கேள்விக்குப் பதிலைக் கணினியில் பார்த்துவிடலாம். இதை நேரில் போய்த்தான் பார்க்க முடியும்.

நர்சிங்கைப் புத்தகத்தில் பாதிதான் கற்றுக்கொள்ள முடியும். மீதி வார்டில் இருக்கிறது. மூச்சு வாங்கும் நோயாளியைப் பார்த்தவுடன் தலைமாட்டை உயர்த்தத் தோன்றுவது, நேற்றுப் பார்த்த முகத்துக்கும் இன்றைய முகத்துக்கும் வித்தியாசம் தெரிவது, பிரசவம் முடிந்து அரைமணி நேரத்தில் விரிப்பில் ரத்தம் கூடுகிறதா என்று கண் தானாகப் போவது, இதெல்லாம் நோயாளிகள் நிறைந்த வார்டில், தெரிந்த ஒருவர் பக்கத்தில் நிற்க, திரும்பத் திரும்பச் செய்து வருவது. அதனால்தான் நர்சிங் பள்ளிக்குச் சொந்த மருத்துவமனை வேண்டும், அது குறைந்தது 100 படுக்கையாவது உள்ளதாக இருக்க வேண்டும், ஒரு மாணவிக்கு மூன்று நோயாளியாவது இருக்க வேண்டும், படுக்கைகளில் முக்கால் பங்காவது நிரம்பியிருக்க வேண்டும், பத்து மாணவிக்கு ஓர் ஆசிரியர் வேண்டும் என்றெல்லாம் இந்திய நர்சிங் கவுன்சில் விதி வகுத்தது.

காகிதத்தில் எல்லோரும் அந்த விதிகளைக் காட்டிவிடுவார்கள். ஆய்வுக்கு ஆள் வரும் நாளில் மட்டும் கட்டில்கள் நிரம்பும் இடங்கள் இருக்கின்றன. ஆகவே பெற்றோரை ஒரு சாதாரண வேலை நாளில், சொல்லாமல் கொள்ளாமல், அந்த மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். கல்லூரிக்கு இல்லை, மருத்துவமனைக்கு. காலை பத்து மணிக்கு ஓ.பி.யில் எத்தனை பேர் உட்கார்ந்திருக்கிறார்கள்? வார்டுகளில் மாணவிகள் தெரிகிறார்களா? அவர்களோடு ஒரு டியூட்டர் நிற்கிறாரா, இல்லை பிள்ளைகள் தனியே சும்மா நிற்கிறார்களா? லேபர் வார்டு இருக்கிறதா, அங்கே பிரசவம் நடக்கிறதா? பெற்றோருக்கு மருத்துவம் தெரிய வேண்டியதில்லை. ஆள் நடமாட்டம் உள்ள ஆஸ்பத்திரிக்கும் ஆளில்லாத கட்டடத்துக்கும் உள்ள வித்தியாசம் யாருக்கும் தெரியும்.

கேஸ் புக் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டும். மகப்பேறுப் பயிற்சியில் ஒவ்வொரு மாணவியும் இத்தனை கர்ப்பிணிகளைப் பரிசோதித்தேன், இத்தனை பிரசவங்களை மேற்பார்வையில் நானே எடுத்தேன், இத்தனை தாய்மார்களைப் பிரசவத்துக்குப் பின் கவனித்தேன் என்று ஒரு பதிவேட்டில் எழுதிக் கையெழுத்து வாங்க வேண்டும். நன்றாக நடக்கும் பள்ளியில் அந்தப் புத்தகம் அழுக்கேறி, ஓரம் கசங்கி, வெவ்வேறு மையில் இருக்கும். நைட் டியூட்டியில் விடியற்காலை மூன்று மணிக்கு எழுதியது அல்லவா. மோசமான இடத்தில் எல்லாப் புத்தகமும் ஒரே வாரத்தில், ஒரே பேனாவில், சீனியரின் புத்தகத்தைப் பார்த்து எழுதியதாக இருக்கும். பிரசவமே பார்க்காமல் மருத்துவச்சிப் பதிவும் வாங்கிவிடுவாள் அந்தப் பெண். ஒருநாள் ஒரு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரி தனியாக இருக்கும்போது முதல் பிரசவம் அவளிடம் வரும். தாயும் குழந்தையும் அந்தப் புத்தகத்தை நம்பித்தான் அங்கே படுத்திருக்கிறார்கள்.

அதனால் அந்தப் பள்ளியில் மூன்றாம் வருஷமோ நான்காம் வருஷமோ படிக்கும் பெண் யாராவது உங்கள் பழைய மாணவியாக இருந்தால் அவளைக் கேளுங்கள்: “நீ எத்தனை பிரசவம் எடுத்தே?” உண்மையில் எடுத்தவள் யோசிக்காமல் சொல்வாள், கூடவே ஒரு கதையும் சொல்வாள். பிரசவம் எடுத்த பெண்ணால் அதைப் பற்றிப் பேசாமல் இருக்க முடியாது. பதில் மழுப்பலாக வந்தால் உங்களுக்கே புரிந்துவிடும். “மனநலப் போஸ்டிங் எங்கே போனீங்க?” என்றும் கேளுங்கள். அதற்குச் சென்னை கீழ்ப்பாக்கத்தில் 1794 இல் தொடங்கிய மனநல மருத்துவமனைக்குப் பல மாவட்டங்களிலிருந்தும் மாணவிகள் வருவார்கள். அந்த நாட்களில் தங்கும் செலவு, சாப்பாட்டுச் செலவு யார் தலையில் விழுகிறது என்பதும் அந்தப் பதிலில் தெரிந்துவிடும். சேர்க்கையின்போது சொல்லும் கட்டணத்தில் இது இருக்காது. சீருடை, ரெக்கார்டு நோட்டு, பரீட்சைக் கட்டணம், விளக்கேற்றும் விழாவுக்கான பணம் என்று பலவும் இருக்காது. நான்கு வருஷத்துக்கும் சேர்த்து எல்லாச் செலவையும் எழுத்தில் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். எழுதித் தர மறுக்கும் இடத்தில் சேர்க்க வேண்டாம்.

ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை. டியூட்டர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்கலாம். ஒரே பெயர் இரண்டு மூன்று கல்லூரிகளின் கணக்கில் இருந்த காலம் உண்டு. தேசிய அளவில் நர்ஸ்களுக்கு ஒரு தனி எண் கொடுத்துப் பதிவு செய்யத் தொடங்கிய பிறகு அப்படிச் செய்வது முன்போலச் சுலபமில்லை. ஆனாலும் “உங்களுக்கு மெடிக்கல் சர்ஜிக்கல் யார் எடுக்கிறாங்க?” என்று மாணவியைக் கேட்பது எந்தப் பட்டியலையும்விட நல்ல சோதனை.

தமிழ்வழியில் படித்த பிள்ளைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஜி.என்.எம்., பி.எஸ்சி. இரண்டும் ஆங்கிலத்தில்தான். முதல் வருஷம் அனாட்டமியும் பிசியாலஜியும் பல பிள்ளைகளை அழ வைத்துவிடும். வகுப்பில் தமிழில் விளக்கிவிட்டு, ஆங்கிலத்தில் எழுதப் பழக்கும் டியூட்டர் இருந்தால் ஆறு மாதத்தில் தேறிவிடுவார்கள். என் அனுபவத்தில், கிராமத்திலிருந்து தமிழ்வழியில் படித்து வந்த பெண்கள் வார்டில் நின்றால் நோயாளி அவர்களைத்தான் தேடுவார். அவர்களை முதல் வருஷத்தில் இழந்துவிடக் கூடாது. முடிந்தால் கோடையில் உங்கள் ஆங்கில ஆசிரியரும் கணித ஆசிரியரும் நர்சிங் போகும் பிள்ளைகளுக்குக் கொஞ்சம் உதவட்டும். கணிதம் எதற்கு என்றால், 500 மில்லி ட்ரிப்பை நான்கு மணி நேரத்தில் ஏற்ற வேண்டும், ஒரு மில்லிக்கு 20 சொட்டு என்றால் நிமிஷத்துக்கு எத்தனை சொட்டு? சுமார் 42. இதை ராத்திரி இரண்டு மணிக்குத் தூக்கக் கலக்கத்திலும் தப்பில்லாமல் போட வேண்டும். குழந்தைக்கு மருந்து அளக்கும்போது தசமப் புள்ளி ஓர் இடம் தள்ளினால் பத்து மடங்காகிவிடும்.

சான்றிதழ் விஷயத்துக்குத் திரும்ப வருகிறேன். ஜூனில் ஒரு தனியார் இடத்தில் அட்வான்ஸ் கட்டி டி.சி., மார்க் ஷீட் எல்லாவற்றையும் ஒரிஜினலாகக் கொடுத்துவிடுகிறார்கள். பிறகு அரசுக் கலந்தாய்வில் நல்ல இடம் வருகிறது. ஒரிஜினல் கேட்டுப் போனால், “முழு கோர்ஸ் ஃபீஸையும் கட்டிட்டு வாங்கிக்கோ” என்கிறார்கள். கையில் வந்த அரசு இடத்தை விட்டுவிட்டு, கடன் வாங்கிய பணத்தில் அங்கேயே படித்த பெண் எனக்குத் தெரியும். மூலச் சான்றிதழ்களைக் கல்லூரிகள் பிடித்துவைக்கக் கூடாது, சரிபார்த்துவிட்டு உடனே திருப்பித் தர வேண்டும், சேர்க்கையை விட்டு விலகினால் கட்டணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2018 இல் தெளிவாகவே அறிவித்திருக்கிறது. படித்து முடித்ததும் எங்கள் மருத்துவமனையிலேயே இத்தனை வருஷம் வேலை பார்க்க வேண்டும் என்று பாண்டு எழுதி வாங்கும் வழக்கத்தையும் இந்திய நர்சிங் கவுன்சில் கூடாது என்று சொல்லியிருக்கிறது. ஆனால் கூலி வேலைக்குப் போகும் அப்பா இந்த அறிவிப்புகளைக் கையில் எடுத்துக்கொண்டு போய்ப் பேச முடியாது. தலைமை ஆசிரியர் ஒரு போன் செய்தால் பேச்சின் தொனியே மாறும். அதைவிட, டி.சி. கொடுக்கும் அன்றே, “ஒரிஜினலை எங்கேயும் விட்டுட்டு வராதே, காட்டிட்டு ஜெராக்ஸ் கொடுத்துட்டு வா. இடம் நிச்சயமானதும் என்கிட்ட சொல்லு” என்று சொல்லிவிட்டால் அந்த போனே தேவைப்படாது.

வேறு மாநிலம் போகும் பிள்ளைகளும் உண்டு. பெங்களூருக்குப் பஸ் ஏறும் கூட்டம் ஒவ்வொரு வருஷமும் இருக்கிறது. அங்கே நல்ல கல்லூரிகள் இருக்கின்றன, மறுக்கவில்லை. ஆனால் அங்கே படித்தால் அந்த மாநிலக் கவுன்சிலில்தான் முதலில் பதிய வேண்டும், பிறகு தடையில்லாச் சான்று வாங்கி இங்கே மாற்ற வேண்டும். கல்லூரியையே நேரில் பார்க்காமல், புரோக்கர் காட்டிய புகைப்படத்தை நம்பிப் போவதுதான் ஆபத்து. போய் இறங்கிய பிறகு கல்லூரியின் பெயரே வேறாக இருந்த கதையும் எனக்குத் தெரியும்.

அரசு இடங்களைப் பற்றிப் பிள்ளைகளுக்குச் சரியாகத் தெரிவதில்லை. அதையும் சொல்லுங்கள். அரசு மருத்துவமனைகளை ஒட்டிய பயிற்சிப் பள்ளிகளில் ஜி.என்.எம். இருக்கிறது. சென்னை, மதுரை, சேலம் உள்ளிட்ட ஊர்களில் அரசு செவிலியர் கல்லூரிகள் உள்ளன. 2014க்குப் பின் தொடங்கிய மருத்துவக் கல்லூரிகளோடு சேர்த்து நாடெங்கும் 157 செவிலியர் கல்லூரிகளுக்கு மத்திய அமைச்சரவை 2023 இல் ஒப்புதல் கொடுத்தபோது தமிழ்நாட்டுக்கு 11 ஒதுக்கப்பட்டன. உங்கள் பக்கத்து மாவட்டத்தில் எது இருக்கிறது என்று பார்த்துவையுங்கள். நோயாளிக்குப் பஞ்சமில்லாத மருத்துவமனை, குறைந்த கட்டணம். ஒரு பிள்ளைக்கு இதைவிட நல்ல வகுப்பறை கிடைக்காது. சென்னை அரசுப் பொது மருத்துவமனையில் 1871 இலேயே நர்ஸ் பயிற்சி தொடங்கிவிட்டது. வேலூர் சி.எம்.சி.யில் 1946 இல் பட்டப்படிப்பே வந்துவிட்டது. இவ்வளவு பழைய பாரம்பரியம் உள்ள மாநிலத்தில் நம் பிள்ளைகள் மாடி அறைகளில் நர்சிங் படிப்பதை என்னால் ஏற்க முடியவில்லை.

பத்தாம் வகுப்பு முடிந்து குரூப் எடுக்கும்போதே கொஞ்சம் யோசிக்க வைக்கவும் வேண்டும். பி.எஸ்சி. நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல் வேண்டும். வணிகவியல் எடுத்த பிறகு அந்தக் கதவு மூடிவிடும். ஏ.என்.எம்.முக்கு எந்த குரூப்பாக இருந்தாலும் சரி. மதிப்பெண் குறைந்த பிள்ளையை ஓராண்டு டிப்ளமோவுக்கு அனுப்புவதைவிட ஏ.என்.எம்.முக்கு அனுப்புங்கள், அதற்கும் இடம் கிடைக்காவிட்டால் ஒரு வருஷம் காத்திருந்து மறுபடி விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். ஒரு வருஷம் வீணாகிறதே என்று வீட்டில் சொல்வார்கள். முப்பது வருஷ வேலைக்கு முன்னால் ஒரு வருஷம் பெரிதில்லை என்பதை நீங்கள் சொன்னால் கேட்பார்கள்.

நர்சிங் படித்தால் உடனே அரசு வேலை என்று மட்டும் ஆசை காட்டாதீர்கள். 2015 இல் தேர்வெழுதி வந்தவர்கள்கூட மாதம் 7,700 ரூபாய் ஒப்பந்தச் சம்பளத்தில்தான் தொடங்கினார்கள். நிரந்தரம் கேட்டு 2017 இல் சென்னையில் மருத்துவத் துறை அலுவலகங்கள் இருக்கும் டி.எம்.எஸ். வளாகத்தில் உட்கார்ந்து போராட வேண்டியிருந்தது. உண்மையைத் தெரிந்துகொண்டு வரும் பிள்ளைதான் இந்த வேலையில் நிலைத்து நிற்கும். அப்படியும் வருகிறேன் என்று சொல்லும் பிள்ளைகள் இருக்கிறார்கள். அவர்களுக்காகத்தான் இவ்வளவும் எழுதுகிறேன்.

கடைசியாக, கொஞ்சம் சங்கடமான விஷயம். சில பள்ளிகளிலிருந்து பிள்ளைகளின் போன் நம்பர் பட்டியல் வெளியே போகிறது. ஆள் சேர்த்துக் கொடுத்தால் தலைக்கு இவ்வளவு என்று கை மாறுவதும் நடக்கிறது. பெரும்பாலான ஆசிரியர்களுக்கு இதில் சம்பந்தமில்லை என்று எனக்குத் தெரியும். ஆனால் ஒரு பள்ளியில் ஒருவர் செய்தாலும் பாதிக்கப்படுவது உங்கள் பிள்ளைகள். ரிசல்ட் வருமுன் தலைமை ஆசிரியர்கள் ஒரு கூட்டம் போட்டு, பட்டியலை யாருக்கும் கொடுப்பதில்லை, கவுன்சில் பட்டியலில் இல்லாத எந்த நிறுவனத்தின் நோட்டீஸையும் பள்ளிக்குள் விடுவதில்லை என்று முடிவெடுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்திலும் அதைச் சொல்லிவிடுங்கள். நான் முதல்வன் திட்டத்தில் கல்லூரிக் கனவு நிகழ்ச்சி நடக்கும்போது நர்சிங் பற்றிப் பேச அருகிலுள்ள அரசு மருத்துவமனையின் நர்சிங் சூப்பரின்டெண்டன்ட்டைக் கூப்பிடுங்கள். தனியார் கல்லூரியின் சேர்க்கை அலுவலரைக் கூப்பிட வேண்டாம். எங்கள் ஆட்கள் கட்டாயம் வருவார்கள். டியூட்டி மாற்றிக்கொண்டாவது வருவார்கள். என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் எல்லா மாவட்டத்திலும் இருக்கிறோம். ஏப்ரலிலேயே சொல்லிவிட்டால், ரிசல்ட் அன்று மதியமே உங்கள் பள்ளிக்கு வந்து, பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு பிள்ளையோடும் அவர்கள் வீட்டாரோடும் உட்கார்ந்து பேசத் தயாராக இருக்கிறோம்.

அன்புடன்,
ஓய்வுபெற்ற செவிலியர் பயிற்றுநர் ஒருவர்